பழைய தோற்றம், புதிய முத்திரை: ரெட்ரோ ஹெல்மெட் விற்பனையில் நாம் கவனிக்க வேண்டியவை



வேப்பந்தட்டை, கிருஷ்ணாபுரம், அரும்பாவூர் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் இப்போது ஹெல்மெட் சரக்குக்கு வரும்போது, "அண்ணே, அந்தக் காலத்து மாடல் இருக்கா?" என்று தவறாமல் கேட்கிறார்கள். உருண்டையான ஓடு, நெற்றியில் மூன்று பொத்தான், தோல் வார் போன்ற ஓரம், குமிழ் போலப் புடைத்த கண்ணாடி, மங்கலான பச்சை அல்லது பால் வெள்ளை நிறம். எம்.ஜி.ஆர்., சிவாஜி காலத்துப் பட்டாளத்து மோட்டார் சைக்கிள்காரர் அணிந்தது போல் இருக்க வேண்டும். இதற்குக் கம்பெனிக்காரர்கள் வைத்துள்ள பெயர் 'ரெட்ரோ' ஹெல்மெட். அதாவது தோற்றம் பழையது, தயாரிப்பு புதியது.

இது நல்ல வியாபாரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த ஒரு சரக்கில், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பொருள்கள் சந்தைக்கு வருகின்றன. ஒன்று உயிரைக் காக்கும். மற்றொன்று காக்காது, விற்றவரையும் சட்டத்தின் முன் நிறுத்திவிடும். இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதை விளக்கவே இக்கட்டுரை.

இந்த மோகம் எங்கிருந்து வந்தது?

1955ஆம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து சென்னையில் புல்லட் வண்டியைத் தயாரிக்கத் தொடங்கியது. திருவொற்றியூர் தொழிற்சாலை நம் மாநிலத்தின் பெருமைகளில் ஒன்று. அன்று மைசூரில் தயாரான ஜாவாவும், பின்னர் அதே ஆலையிலிருந்து வந்த யெஸ்டியும் மூத்த வணிகர்களுக்கு நினைவிருக்கும். எடை குறைந்த ஜப்பானிய ரக வண்டிகள் வந்ததும் இவை பின்தங்கின. மைசூர் ஆலை 1996இல் மூடப்பட்டது.

பிறகு காற்று திசை மாறியது. பழைய புல்லட்டின் சாயலில் 'கிளாசிக்' வண்டி 2009இல் வந்து பெரிய வெற்றி கண்டது. 2018இல் ஜாவா பெயரும், 2022இல் யெஸ்டி பெயரும் திரும்பி வந்தன. அப்பா ஓட்டிய வண்டியின் உருவத்தில் புது வண்டி வாங்கும் பையன், அதற்குப் பொருந்தும் தொப்பியையும் தேடுகிறான். நம் பகுதியில் மக்காச்சோளமும் பருத்தியும் நல்ல விலைக்குப் போன வருடத்தில் புல்லட் முன்பதிவு கூடுவதையும், அதைத் தொடர்ந்து இந்த ஹெல்மெட் கேட்டு வருபவர்கள் கூடுவதையும் நாம் பார்க்கிறோம். ராயல் என்ஃபீல்டு நிறுவனமே தன் பெயரில் இவ்வகை ஹெல்மெட்டுகளை விற்கிறது. ஆக, இது ஏதோ நடைபாதைச் சரக்கு அல்ல; முறையான கம்பெனிகளும் இறங்கியுள்ள தொழில்.

அந்தக் காலத் தொப்பியில் என்ன குறை?

தொடக்க கால மோட்டார் சைக்கிள் தொப்பிகள் தோலாலும் தக்கையாலும் ஆனவை. காற்றையும் தூசியையும் தடுக்கும். அடியை அதிகம் தாங்கா. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் அறிந்த டி.இ. லாரன்ஸ் 1935ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தலையில் பட்ட காயத்தால் ஆறாம் நாள் இறந்தார். அவர் தலையில் கவசம் இல்லை. அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களில் ஒருவரான மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், அதன் பிறகு மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்தார். கவசம் அணிவது எவ்வளவு பயன் தரும் என்று 1941இல் அவர் எழுதிய கட்டுரைதான் இத்துறைக்கு அடித்தளம். அதே ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில். 1953இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாம்பார்டு என்பவர் பெற்ற காப்புரிமையில்தான் இன்றைய ஹெல்மெட்டின் தத்துவம் வந்தது. மேலே உறுதியான ஓடு. உள்ளே அடிபட்டால் நசுங்கும் அடுக்கு. 1956இல் பீட் ஸ்னெல் என்ற கார் பந்தய வீரர் ஹெல்மெட் அணிந்திருந்தும் தலைக்காயத்தால் இறந்தார். ஹெல்மெட் இருந்தால் போதாது, அது சோதித்துப் பார்த்த ஹெல்மெட்டாக இருக்க வேண்டும் என்று உணர்ந்த நண்பர்கள், 1957இல் அவர் பெயரிலேயே ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் அமைப்பை நிறுவினார்கள்.

நசுங்கும் அடுக்கு என்றால் என்ன என்பதை நம் வணிகர்களுக்கு எளிதில் சொல்லிவிடலாம். டி.வி. பெட்டிக்குள் வரும் தெர்மோகோல்தான் அது. லாரியிலிருந்து பெட்டி கீழே விழுந்தால் தெர்மோகோல் உடையும், டி.வி. பிழைக்கும். உடைவதுதான் தெர்மோகோலின் வேலை. ஹெல்மெட்டிலும் அதே கணக்கு. ஓடு அடியைப் பரவலாக்குகிறது. அதன் உள்ளே இருக்கும் கெட்டியான தெர்மோகோல் நசுங்கி, தலை நிற்பதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் தருகிறது. அந்தக் கண நேரத்தில்தான் மூளை தப்பிக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது ஏறக்குறைய 20 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அத்தனை வேகத்தில் மோதும் தலையை வெறும் பிளாஸ்டிக் ஓடும் ஒரு விரல் கனப் பஞ்சும் காப்பாற்றாது.

மலிவான போலி ரெட்ரோ ஹெல்மெட்டில் இல்லாமல் போவது இந்தத் தெர்மோகோல் அடுக்குதான். தலையோடு ஒட்டி, மெல்லியதாக இருந்தால் 'ஸ்டைல்' என்று இளைஞர் நினைக்கிறார். மெல்லியதாக்க வேண்டுமானால் எதையாவது எடுத்தாக வேண்டும். போலி தயாரிப்பாளர் அடுக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பஞ்சும் துணியும் வைத்துத் தைத்துவிடுகிறார். வெளியில் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, இரு சக்கர வாகனத்தில் செல்வோர் தரத்துக்கு உட்பட்ட தலைக்கவசத்தை, வாரால் தலையில் உறுதியாகக் கட்டி அணிய வேண்டும் என்கிறது. நம் மாநிலத்தில் 2007 ஜூன் 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று அரசு அறிவித்தது. அது நடைமுறையில் தளர்ந்த பின், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை 1 முதல் மீண்டும் கண்டிப்பு வந்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தத்தில் சேர்ந்த 194-டி பிரிவின்படி அபராதம் 1,000 ரூபாய். ஓட்டுநர் உரிமத்தையும் மூன்று மாதம் நிறுத்தி வைக்கலாம். தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

இவை வண்டி ஓட்டுபவருக்கானவை. விற்பவருக்கான சட்டம் தனி. மத்திய அரசு 2020 நவம்பரில் வெளியிட்ட ஹெல்மெட் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜூன் 1 முதல் அமலில் உள்ளது. இதன்படி இரு சக்கர வாகனத்துக்கான ஹெல்மெட் எதுவாயினும் ஐ.எஸ். 4151 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடுதான் இருக்க வேண்டும். முத்திரை இல்லாததைத் தயாரிப்பது மட்டுமல்ல, இருப்பு வைப்பதும் விற்பதும் குற்றம். 2016ஆம் ஆண்டின் இந்திய தர நிர்ணய அமைவனச் சட்டத்தில், கட்டாய முத்திரை விதியை மீறுவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது முதல் முறைக்கு 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்று எழுதப்பட்டது. மறுமுறை என்றால் 5 லட்சத்துக்குக் குறையாது. சரக்கின் மதிப்பைப் போல் பத்து மடங்கு வரை போகலாம். ஒரு கிராமத்துக் கடையின் மொத்த முதலே அவ்வளவு இருக்காது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது ஏட்டோடு நிற்கவில்லை. 2024-25 நிதியாண்டில் 500க்கும் மேற்பட்ட ஹெல்மெட் மாதிரிகள் சோதிக்கப்பட்டதாகவும், முத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியவர்கள் மீது 30க்கும் மேற்பட்ட சோதனை, பறிமுதல் நடவடிக்கைகள் நடந்ததாகவும் மத்திய அரசு 2025 ஜூலையில் தெரிவித்தது. டெல்லியில் உரிமம் காலாவதியான அல்லது ரத்தான ஒன்பது தயாரிப்பாளர்களிடமிருந்து 2,500க்கும் மேற்பட்ட ஹெல்மெட்டுகள் பறிமுதலாயின. கடைகளும் சாலையோர விற்பனையாளர்களும் இதில் தப்பவில்லை.

முத்திரையைப் பார்க்கும் முறை

முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஐ.எஸ்.ஐ. குறியின் மேல் ஐ.எஸ். 4151 என்ற தர எண் இருக்க வேண்டும். அடியில் சி.எம்./எல். என்ற எழுத்துகளுடன் உரிம எண் இருக்க வேண்டும். இந்த எண்தான் உயிர்நாடி. 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைப்பேசிச் செயலியில் இந்த எண்ணை இட்டால் உரிமம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, இப்போது உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். அங்கே வரும் தயாரிப்பாளர் பெயரும் ஹெல்மெட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். 2025 ஜூன் நிலவரப்படி நாடு முழுவதும் 176 தயாரிப்பாளர்களுக்கே ஹெல்மெட் உரிமம் இருந்தது. ஆகவே பெயர் தெரியாத கம்பெனி என்றால் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் செலவிடுவது நல்லது.

அடுத்து, கையால் பாருங்கள். உள் துணியை ஓரத்தில் சற்று விலக்கினால் தெர்மோகோல் தெரிய வேண்டும். அது கெட்டியாகவும், ஓட்டோடு ஆடாமல் பொருந்தியும், உச்சந்தலை முதல் பக்கவாட்டு வரை தொடர்ந்தும் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் மெத்தைபோல் அமுங்குவது வெறும் பஞ்சு. வார் ஓட்டோடு இணையும் இடத்தைப் பாருங்கள். ஆணி அசையக் கூடாது. அளவும், தயாரித்த மாதம், ஆண்டும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

ஐ.எஸ். 4151 சோதனை என்பது லேசானது அல்ல. ஹெல்மெட்டைச் சூடாக்கியும், குளிர வைத்தும், நீரில் நனைத்தும் எடுத்து மோதவிடுகிறார்கள். கூர்முனை ஊடுருவுகிறதா, பக்கவாட்டில் அழுத்தினால் நசுங்குகிறதா, இழுத்தால் வார் அறுகிறதா, அணிந்தவருக்கு ஒலி கேட்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். தலையின் எந்த எல்லை வரை கவசம் மூட வேண்டும் என்பதையும் தரம் வரையறுக்கிறது. காதுக்கு மேலேயே நின்றுவிடும் 'ஜெர்மன் பட்டாளத்து' அரைத் தொப்பியை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதுபோலவே கட்டட வேலைக்கான மஞ்சள் தொப்பிக்கு ஐ.எஸ். 2925 என்ற வேறு தரம் உண்டு. அதிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கலாம், ஆனால் அது மேலிருந்து விழும் பொருளுக்கானது, வண்டிக்கு ஆகாது. ஆகவே முத்திரையோடு எண்ணையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

வெளிநாட்டு முத்திரைகள்

ரெட்ரோ ஹெல்மெட்டில் 'டாட்' என்ற ஒட்டுத்தாளை அதிகம் பார்க்கிறோம். இது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தரத்தைக் குறிப்பது; 1974 முதல் உள்ளது. அங்கே தயாரிப்பாளரே தன் சரக்கு தரத்துக்கு உட்பட்டது என்று உறுதி கூறி ஒட்டிக்கொள்வார். அரசு பிறகுதான் கடையில் வாங்கிச் சோதிக்கும். ஆகவே நம் ஊரில் வெறும் டாட் தாளை மட்டும் நம்ப இடமில்லை.

'இ.சி.இ.' என்பது ஐரோப்பிய முறை. இதில் விற்பனைக்கு முன்பே அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதனை நடக்கும். வாரில் தைத்த துண்டில், வட்டத்துக்குள் 'இ' எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும் இருக்கும். இப்போதைய திருத்தம் 22.06. முந்தைய 22.05ஐ விடக் கூடுதல் சோதனைகள் இதில் உண்டு. நல்ல கம்பெனியின் ரெட்ரோ ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ.யும் இ.சி.இ.யும் சேர்ந்தே இருப்பதுண்டு, அது மெச்சத்தக்கது. ஆனால் எத்தனை வெளிநாட்டு முத்திரை இருந்தாலும் ஐ.எஸ்.ஐ. இல்லாவிட்டால் இந்தியாவில் விற்க முடியாது என்பதை நினைவில் கொள்க.

பில்லும் பொறுப்பும்

நமது மொத்தக் கடைக்கு வெளியூர் சேல்ஸ்மேன் ஒருவர் ரெட்ரோ ஹெல்மெட் மாதிரிகளோடு வந்தார். விலை மிகவும் குறைவு. முத்திரை எங்கே என்று கேட்டோம். பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து, "இதோ இருக்கு முதலாளி, எத்தனை வேணுமோ ஒட்டிக்குங்க" என்றார். பில் கேட்டால் எஸ்டிமேட் சீட்டுதான் என்றார். காபி கொடுத்து அனுப்பி வைத்தோம். அவர் அடுத்த ஊருக்குத்தான் போயிருப்பார்.

இதில் நாம் புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான சங்கதி ஒன்று உள்ளது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்று தனி அத்தியாயமே உண்டு. குறையுள்ள பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் இழப்பீடு தர வேண்டும். ஆனால் தயாரிப்பாளர் யார் என்றே தெரியவில்லை என்றால், அல்லது அவருக்கு நோட்டீஸ் கொண்டு சேர்க்க முடியவில்லை என்றால், விற்றவரே பொறுப்பாவார் என்று 86ஆம் பிரிவு கூறுகிறது. பில் இல்லாத சரக்கை வாங்கி விற்கும் கடைக்காரர், முகம் தெரியாத தயாரிப்பாளரின் இடத்தில் தாமே போய் நிற்கிறார் என்று பொருள். விபத்து நடந்த வீட்டார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் நம் கையில் இருக்கும் ஒரே கேடயம் முறையான ஜி.எஸ்.டி. கொள்முதல் பில்தான். அதில் தயாரிப்பாளர் பெயர், மாடல், எச்.எஸ்.என். 6506 எல்லாம் தெளிவாக இருக்கட்டும். பில்லின் ஓரத்தில் உரிம எண்ணையும் எழுதி வைத்துக்கொள்வது நமது வழக்கம். மற்றவர்களுக்கும் பரிந்துரைக்கிறோம்.

கடையில் வைப்பதும் விற்பதும்

ஹெல்மெட்டைப் பெட்ரோல், தின்னர், பெயிண்ட் அருகில் அடுக்கக் கூடாது. இவை பட்டால் பிளாஸ்டிக் ஓடும் தெர்மோகோலும் கெடும். உதிரிபாகக் கடைகளில் ஆயிலும் தின்னரும் ஹெல்மெட்டும் ஒரே அலமாரியில் இருப்பதைக் காண்கிறோம், மாற்றிக்கொள்ள வேண்டும். வெயில் படும்படி வாசலில் மாதக்கணக்கில் தொங்கவிடுவதும் சரியல்ல.

ரெட்ரோ வாங்கும் இளைஞர் ஹெல்மெட்டைப் பெயிண்டரிடம் கொடுத்துக் கோடு போட்டு வாங்குவதும், புதுப் பொத்தானுக்காக ஓட்டில் துளை போடுவதும் நடக்கிறது. தின்னர் கலந்த பெயிண்ட் ஓட்டின் வலுவைக் குறைக்கும். துளை போட்ட இடத்தில் விரிசல் தொடங்கும். "தம்பி, வேண்டிய நிறத்தைச் சொல்லு, கம்பெனியிலேயே வரவழைத்துத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டால் நமக்கும் ஒரு ஆர்டர் கிடைக்கும்.

அளவு பார்க்காமல் விற்கக் கூடாது. புருவத்துக்கு மேல் தலையைச் சுற்றி அளவு நாடாவால் அளந்து, அதற்கேற்ற எண்ணைக் கொடுக்க வேண்டும். போட்டு வாரைக் கட்டிய பின் தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாகச் சுழலக் கூடாது. பின்னாலிருந்து தூக்கினால் முன்பக்கமாகக் கழன்று வரவும் கூடாது. வார் கட்டாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே பறந்துவிடும்.

முகம் திறந்த ரெட்ரோ வகை தாடையைக் காக்காது என்பதையும் வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேப்பந்தட்டைக்குள் கடைத்தெருவுக்குப் போய் வருபவர் அதை வாங்கலாம். பெரம்பலூர் சென்று திருச்சி-சென்னை நெடுஞ்சாலையில் தினமும் ஓட்டுபவருக்கு முகம் மூடிய ரெட்ரோ வகையைக் காட்டுங்கள். பழைய தோற்றத்திலேயே அதுவும் வருகிறது.

ஒருமுறை பலத்த அடி வாங்கிய ஹெல்மெட் வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும். டி.வி. பெட்டியின் உடைந்த தெர்மோகோலை மறுபடி பயன்படுத்தாதது போல, அதையும் மாற்றச் சொல்ல வேண்டும். விபத்தே இல்லாவிட்டாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும்படி ஸ்னெல் அமைப்பு சொல்கிறது.

வியாபாரக் கணக்கு

"முந்நூறு ரூபாய்ச் சரக்குதான் இங்கே ஓடும்" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். சாதாரண ஹெல்மெட்டில் அந்த வாதம் ஓரளவு புரிகிறது. ஆனால் ரெட்ரோ கேட்டு வருபவர் இரண்டு லட்சம் ரூபாய் வண்டியில் வருகிறார். அவருக்கு விலை தடையல்ல, தோற்றம்தான் முக்கியம். அந்தத் தோற்றத்தில் முத்திரையுள்ள சரக்கு நம் கடையில் இருந்தால் அதையே வாங்குவார். இல்லாததால்தான் சாலையோரத்துக்குப் போகிறார்.

2015 ஜூன் மாதக் கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவை ஒட்டித் தமிழகமெங்கும் ஹெல்மெட்டுக்குக் கூட்டம் அலைமோதியது நினைவிருக்கும். தட்டுப்பாட்டில் விலை ஏறியது. சாலையோரத்தில் எது கிடைத்தாலும் விற்றது. அன்று அபராதத்துக்குப் பயந்து வாங்கியவர்கள் அதிகம். இன்று ஓர் இளைஞன் தானாக விரும்பி, ஆசைப்பட்டு ஹெல்மெட் கேட்கிறான் என்றால் அது நம் தொழிலுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. ஹெல்மெட் அணிவதால் மரண அபாயம் ஏறக்குறைய 42 சதவீதமும், தலைக்காய அபாயம் ஏறக்குறைய 69 சதவீதமும் குறைவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான கோக்ரேன் அறிக்கை கூறுகிறது. அந்தப் பயன் தலையில் இருப்பது கவசமாக இருந்தால்தான் கிட்டும்.

நம்மைப் போன்ற சிறிய ஊர்களில் வாங்குபவர் வெறும் வாடிக்கையாளர் அல்லர். அவருடைய அப்பா நம்மிடம் பற்று வைத்திருப்பார். அம்மா நம் வீட்டுக்கு வந்து போவார். நாம் விற்ற பொருளின் பலன் நம் தெருவுக்கே திரும்பி வரும்.

எனவே உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவதாக, தற்போது கடையில் உள்ள ஹெல்மெட் இருப்பை எடுத்து ஒவ்வொன்றின் உரிம எண்ணையும் சரிபாருங்கள். இரண்டாவதாக, பில் இல்லாத சரக்கையும் சுருள் முத்திரைச் சரக்கையும் கொண்டு வருபவர்களுக்கு எந்த ஊர்க் கடையும் இடம் தர வேண்டாம். ஒருவர் மறுத்து மற்றவர் வாங்கினால் பயனில்லை. மூன்றாவதாக, சிறு கடைகள் நான்கைந்து சேர்ந்து உரிமம் பெற்ற கம்பெனியின் விநியோகஸ்தரிடம் கூட்டாகக் கொள்முதல் செய்தால் விலையும் குறையும், எல்லா அளவுகளும் கிடைக்கும். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுக்கலாம் என்று கருதுகிறோம். கூட்டத்துக்கு வருபவர்கள் தங்கள் கடை ஹெல்மெட் ஒன்றைக் கையோடு கொண்டு வந்தால், உரிம எண்ணைப் பார்க்கும் முறையை அங்கேயே செய்து காட்டுகிறோம்.